பாசி நகருமா?

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மாதத்துப் பிற்பகல் ஒன்றில், இளங்கலை வகுப்பில் குறுந்தொகை நடத்திக்கொண்டிருந்தேன். பரணர் பாடிய 399ஆம் பாடல். ஊரார் நீருண்ணும் கேணித் துறையில் படர்ந்த பாசி, கை பட்டால் விலகுவதும் கையை எடுத்தால் மீண்டு வந்து மூடிக்கொள்வதும் தலைவியின் பசலைக்கு உவமையாக வரும் பாடல் அது. உவமையின் பொருத்தத்தை நான் விரித்துக்கொண்டிருந்தபோது, ராஜபாளையத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்தாள்.

"ஐயா, பாசி தானாகவே நகருமா?"

வகுப்பு சிரித்தது. அவள் உட்காரவில்லை. கண்மாய்த் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து வீட்டில் வைத்திருந்ததாகவும், காலையில் பார்த்தால் பச்சையெல்லாம் சன்னல் பக்கமாக ஒதுங்கியிருந்ததாகவும், பாட்டிலைத் திருப்பி வைத்தால் சற்று நேரத்தில் மறுபடியும் சன்னல் பக்கத்துக்கே வந்துவிடுவதாகவும் சொன்னாள். நானும் சிரித்துவிட்டேன். "இல்லையம்மா, நகர்வது தண்ணீர்தான். பாசி அதன்மேல் சும்மா கிடக்கிறது" என்றேன். பாட்டிலுக்குள் தண்ணீர் ஏன் நகர வேண்டும் என்று அவள் திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஆசிரியர் சிரித்த பிறகு மாணவர்கள் கேட்பதில்லை.

அவள் சொன்னது சரி, நான் சொன்னது பிழை என்பது விளங்க எனக்கு நான்கு ஆண்டுகள் பிடித்தன. அந்தப் பிழையின் பின்னால் முந்நூறு ஆண்டு வரலாறு ஒன்று இருக்கிறது. அவ்வரலாற்றின் முக்கியமான ஓர் ஏடு நம் பக்கத்தில், பழைய சென்னை மாகாணத்துக் குட்டைகளின் ஓரத்தில் எழுதப்பட்டது என்பதும் பின்னர்தான் தெரிந்தது.

*

தாவரவியல் துறை நண்பர் ஒருவர் வேறு ஏதோ பேச்சினிடையே என்னை நுண்ணோக்கியின் முன் உட்காரவைத்தார். கண்ணாடித் துண்டின்மேல் ஒரு சொட்டுப் பச்சை நீர். வட்டமான ஒளிவெளிக்குள் முட்டை வடிவப் பச்சை மணிகள் குறுக்கும் நெடுக்குமாக விரைந்துகொண்டிருந்தன. மிதப்பவற்றுக்கு நீரோட்டத்தின் திசை ஒன்றுதான் இருக்க முடியும். இவற்றில் ஒவ்வொன்றுக்கும் ஒரு திசை இருந்தது. இரண்டு மணிகள் நெருங்கி, ஒன்றையொன்று தவிர்த்துவிட்டுப் போயின. "இதுவா பாசி?" என்றேன். "பாசிதான். கிளாமிடோமோனாஸ். ஒரே ஒரு செல்" என்றார்.

ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்தால் வரும் பங்கே அதன் நீளம். உடலின் பெரும்பகுதியைக் கிண்ணம் போன்ற ஒரு பசுங்கணிகம் நிறைத்திருக்கிறது. முன்முனையில் உடலளவே நீளமுள்ள இரண்டு கசையிழைகள். பக்கவாட்டில், நடுப்பகுதியை ஒட்டிச் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு புள்ளி. வெயிலையும் நீரையும் காற்றையும் கொண்டு தனக்கான உணவைத் தானே சமைப்பதால் இது தாவரத்தின் உறவு. நீந்துவதால் விலங்குபோல் தோன்றுகிறது.

பரணரிடம் பிழையில்லை. அவர் கண்ட பாசி நீர்ப்பரப்பில் படலமாகக் கிடந்து கையின் அசைவுக்கு விலகும் வகை. நாம் 'பாசி' என்ற ஒரே சொல்லால் படிக்கட்டில் வழுக்குவதையும், நூல்நூலாகத் திரள்வதையும், நீரையே பச்சையாக்குவதையும் சேர்த்துக் குறித்துவிடுகிறோம். இந்த மூன்றாவது பச்சைக்குள்தான் நீந்துபவை இருக்கின்றன.

ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்த ஊர்கள். இங்கே நீரின் கணக்கு கண்மாயின் கணக்கு. வடகிழக்குப் பருவமழையில் நிறைந்து, பங்குனி சித்திரையில் வற்றி, தரை பாளம்பாளமாக வெடிக்கும். அப்போது உழவர்கள் கரம்பை மண்ணை வண்டியில் ஏற்றி வயலுக்குக் கொண்டுபோவார்கள். ஆண்டாள் நீராடியதாக ஐதீகமுள்ள திருமுக்குளமும் மழையின் தயவில்தான் நிறைகிறது. மார்கழி நீராட்டு உற்சவம் அதன் கரை மண்டபத்தில் நடக்கிறது. இப்படி நிறைந்தும் வற்றியும் வாழும் நீர்நிலைகளுக்கு ஏற்ற உயிர் இது. நீர் குறைந்து சத்துத் தீரும்போது இரண்டு செல்கள் இணைந்து தடித்த ஓட்டுக்குள் ஒடுங்குகின்றன. அந்த உறங்கும் வித்து காய்ந்த மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். மழை நனைத்ததும் ஓடு வெடித்து, கசையிழைகளோடு நான்கு செல்களாவது வெளிவரும். கரம்பை வண்டியில் போகும் மண்ணில் அடுத்த மழைக்கான பச்சையும் போகிறது.

*

இவ்வகை உயிர்களை முதலில் கண்டு எழுதியவர் ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகர் ஆண்டனி வான் லேவன்ஹூக். பள்ளத்து நீரில் உருண்டு செல்லும் பச்சைக் கோளங்களையும், ஒவ்வொன்றினுள்ளும் சிறு கோளங்கள் இருப்பதையும், தாய்க்கோளம் பிளந்து அவை வெளியேறுவதையும் 1700ஆம் ஆண்டு எழுதிய கடிதமொன்றில் விவரித்தார். 1758இல் லின்னேயஸ் அதற்கு வால்வாக்ஸ் என்று பெயரிட்டார். உருளுதல் என்னும் பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து பிறந்த பெயர். அவர் அதை வைத்தது விலங்குகளின் வரிசையில், புழுக்களோடு. 1830களில் கிளாமிடோமோனாஸ் என்ற பெயரைத் தந்த ஜெர்மானியர் எஹ்ரன்பெர்க்கும் இவற்றை முழுமையான குட்டி விலங்குகள் என்றே நம்பினார். வயிறும் கண்ணும் இருப்பதாகவே எழுதினார்.

தமிழ் படித்தவனுக்கு இங்கே தொல்காப்பிய மரபியல் நினைவுக்கு வராமல் இராது. உயிர்களைப் புலனறிவின் எண்ணிக்கையால் ஓரறிவு முதல் ஆறறிவு வரை அடுக்கும் அம்முறையில் புல்லும் மரமும் ஓரறிவுடையன. அவற்றுக்குத் தொடுவுணர்வு மட்டுமே உண்டு. கண்ணறிவு நான்காம் படியில்தான் வருகிறது. ஒளியை உணர்ந்து அதை நோக்கிச் செல்லும் ஒரு பச்சையை அந்த ஏணியில் எங்கே நிறுத்துவது? இதைச் சொல்வது தொல்காப்பியரைக் குறைகூற அன்று. லின்னேயஸும் எஹ்ரன்பெர்க்கும் இதே இடத்தில்தான் தடுமாறினார்கள். நகர்வது விலங்கு, நிற்பது தாவரம் என்ற பிரிவு கண்ணுக்குத் தெரியும் உலகில் பெரும்பாலும் செல்லும். ஒரு சொட்டு நீருக்குள் செல்லாது. வகுப்பில் நான் சிரித்ததற்கும் அந்தப் பிரிவின்மேல் எனக்கிருந்த நம்பிக்கையே காரணம்.

*

இந்தியக் குட்டைகளில் வால்வாக்ஸைக் கூர்ந்து ஆராய்ந்த முன்னோடிகளில் ஒருவர் ஹென்றி ஜான் கார்ட்டர். பம்பாயில் ராணுவ மருத்துவராக இருந்தவர். அந்நகரத்து நீர்நிலைகளில் கிடைத்த வால்வாக்ஸ்களின் இனப்பெருக்கத்தைப் பற்றி 1859இல் கட்டுரை எழுதினார். பின்னாளில் பிராக் நகரத்து அறிஞர் ஸ்டைன், கார்ட்டர் விவரித்தவற்றில் ஒன்றைத் தனி இனமாகக் கொண்டு, அவர் பெயராலேயே வால்வாக்ஸ் கார்ட்டெரி என்று அழைத்தார்.

அடுத்த அடி சென்னையில் எடுத்துவைக்கப்பட்டது. மண்டயம் ஓசூரி பார்த்தசாரதி ஐயங்கார் 1886ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆம் நாள் சென்னையில் பிறந்தவர். மாநிலக் கல்லூரியில் தாவரவியல் ஆசிரியராக இருந்து, பின் சென்னைப் பல்கலைக்கழகத்துத் தாவரவியல் ஆய்வகத்தை நடத்தியவர். இந்தியப் பாசியியலின் தந்தை என்று துறையினர் அவரைச் சொல்வார்கள். அக்காலத்தில் தாவரவியல் என்றால் பெரும்பாலும் மரமும் செடியும் மூலிகையுந்தான். அரசுக்கு வருமானம் தரும் தேக்கும் சிங்கோனாவும் முக்கியம். சாலையோரத்துப் பள்ளத்தில் தேங்கிய மழைநீரை எடுத்துப் பார்ப்பதற்கு யாரும் பணம் தரமாட்டார்கள். ஐயங்கார் அதைத்தான் பார்த்தார். சென்னை வட்டாரத்து வால்வாக்ஸ் குடும்பத்தைப் பற்றி 1920இல் எழுதினார். 1930இல் லண்டன் சென்று, பாசியியலில் அன்று உலகப் புகழ்பெற்றிருந்த ஃபிரிட்ஷின் கீழ் ஆய்வு செய்தார். ஈரமண்ணில் வளரும் புதிய பச்சைப்பாசி ஒன்றுக்குத் தம் ஆசிரியரின் பெயரால் ஃபிரிட்ஷியெல்லா என்று 1932இல் பெயரிட்டார். நீர்வாழ் பாசிகள் தரைத் தாவரங்களை நோக்கி எவ்வாறு நகர்ந்திருக்கக்கூடும் என்ற விவாதத்தில் அப்பெயர் நெடுங்காலம் அடிபட்டது.

1933இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் இதழில் அவருடைய நீண்ட கட்டுரை வெளிவந்தது. தென்னிந்தியாவில் கூட்டமாக வாழும் நீந்தும் பச்சைப்பாசிகளைப் பற்றியது. அதில் வால்வாக்ஸ் கார்ட்டெரியின் ஒரு வடிவத்தைத் தனியே பிரித்து, 'நகரியென்சிஸ்' என்று பெயரிட்டார். நகரி ஊரைச் சேர்ந்தது என்று பொருள். திருத்தணிக்கு வடக்கே, அன்று சென்னை மாகாணத்திலும் இன்று ஆந்திரப் பிரதேசத்திலும் இருக்கும் அதே நகரிதான். திருப்பதிக்குப் போகிறவர்கள் பேருந்துச் சன்னல் வழியாகப் பார்த்துக் கடந்துபோகும் ஊர்.

1963 டிசம்பரில் ஐயங்கார் மறைந்தார். அவர் வாழ்நாளெல்லாம் சேர்த்த குறிப்புகளும் படங்களும் மாணவர் தி. வே. தேசிகாச்சாரியின் உழைப்பில், இருவர் பெயரிலும், 'வால்வோகேல்ஸ்' என்ற நூலாக 1981இல் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் வெளியீடாக வந்தது. ஆசிரியர் இறந்து பதினெட்டு ஆண்டுகள் கழித்து அவருடைய நூலை மாணவர் முடித்துக் கொடுத்திருக்கிறார். உரையாசிரியர் மரபில் வந்தவர்களுக்கு இந்த உறவு அந்நியமானதன்று.

*

இடையில், 1960களில், அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் ஸ்டார் என்பவர் உலகின் பல பகுதிகளிலிருந்து வால்வாக்ஸ்களைத் திரட்டி ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்தார். ஜப்பானின் கோபே நகரிலிருந்து வந்த ஒன்று கேட்டபடி வளர்ந்தது. ஆணும் பெண்ணும் தனித்தனியாகக் கிடைத்தன. அதன் இனத்தைத் தேடியபோது, ஐயங்கார் முப்பதாண்டுகளுக்கு முன் விவரித்த வடிவத்தோடு அது பொருந்தியது. 1969இல் அதன் அமைப்பையும் வளர்ச்சியையும் விவரித்து ஸ்டார் எழுதிய கட்டுரை, துறையின் அடிப்படை நூல்போல் ஆயிற்று. அன்று தொடங்கி உலகெங்கும் வால்வாக்ஸ் ஆய்வு என்றால் பெரும்பாலும் அந்த வகைதான். 2010இல் அதன் மரபணுத் தொகுதி முழுவதும் படிக்கப்பட்டு வெளியானது. ஏறத்தாழ 13 கோடியே 80 இலட்சம் எழுத்துகள், 14,500 மரபணுக்கள். அக்கட்டுரைகளிலெல்லாம் நகரியின் பெயர் லத்தீன் உருவில் இருக்கிறது.

அந்தப் பச்சைக் கோளம் ஏன் இவ்வளவு முக்கியம்? அரை மில்லிமீட்டர் அளவுள்ள அதன் மேற்பரப்பில் ஏறத்தாழ 2000 சிறு செல்கள் பதிந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட ஒரு கிளாமிடோமோனாஸ்; ஒவ்வொன்றுக்கும் இரண்டு கசையிழைகள். உள்ளே பெரிய செல்கள் 16 மட்டும். சிறியவை நீந்தும், பெருகா. பெரியவை பெருகும், நீந்தா.

இந்தப் பங்கீட்டின் வேர் தனிச் செல்லிலேயே இருக்கிறது. கிளாமிடோமோனாஸ் இரண்டாகவோ நான்காகவோ பிரியும்முன் தன் கசையிழைகளை உள்ளிழுத்துக்கொள்கிறது. ஒரே நேரத்தில் நீந்தவும் பெருகவும் அதனால் இயலாது. தனியாக வாழும்வரை சில மணி நேரம் நீந்தாமலிருப்பதால் பெரிய கேடில்லை. கூட்டமாக வாழும்போது எல்லோரும் ஒரே நேரத்தில் துடுப்பை மடித்தால் கோளம் அடியில் போய்த் தங்கிவிடும். ஆகவே சிலர் நீந்த, சிலர் பெருக என்று வேலை பிரிந்தது.

இதற்கு ஒரு விலை உண்டு. கிளாமிடோமோனாஸ் பிரியும்போது பிணம் எதுவும் மிஞ்சுவதில்லை. தாய் முழுவதும் சேய்களாகிவிடுகிறது. வால்வாக்ஸில் 16 சேய்க்கோளங்கள் வெளியேறியபின், அவற்றைச் சுமந்து நீந்திய 2000 செல்களும் மூப்படைந்து இறக்கின்றன. அந்தச் சிறு செல்களைப் பெருகவிடாமல் தடுக்கும் மரபணு ஒன்று அடையாளம் காணப்பட்டிருக்கிறது. அது பழுதானால் அவை நீந்துவதை விட்டுப் பெருகத் தொடங்கிவிடுகின்றன. உடல் என்றும் உயிர்வித்து என்றும் ஓர் உயிர் இரண்டாகப் பிரிவதையும், அந்தப் பிரிவோடு உடலுக்கு மரணம் நியமமாவதையும் இவ்வளவு எளிய வடிவில் காட்டும் உயிர்கள் அரிது. கிளாமிடோமோனாஸுக்கும் வால்வாக்ஸுக்கும் பொதுவான மூதாதை வாழ்ந்தது ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு முன் என்று கணிக்கிறார்கள். உயிரின் கால அளவில் அது அண்மைக்காலம். கோனியம், பண்டோரினா, யூடோரினா என்று நான்கு, எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு செல்களாகக் கூடிவாழும் இடைநிலை உறவினர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

*

இவை நீந்தும் விதத்தை இயற்பியலார் பொருட்படுத்தத் தொடங்கியது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில். 1951இல் கேம்பிரிட்ஜின் ஜி. ஐ. டெய்லர் நுண்ணுயிர்களின் நீச்சலைக் கணிதத்தால் அணுகினார். 1977இல் எட்வர்ட் பர்செல் என்னும் அமெரிக்க இயற்பியலாளர், அதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே நோபல் பரிசு பெற்றவர், ஒரு சொற்பொழிவைக் கட்டுரையாக வெளியிட்டார். மிகச் சிறியவற்றுக்கு நீர் என்பது என்ன என்பதே அதன் பொருள்.

எங்கள் பக்கத்துக் கிணறுகளில் பிள்ளைகள் நீந்துவதைப் பார்த்திருக்கிறேன். காலால் சுவரை ஓர் உதை உதைத்தால் எதிர்ச்சுவர் வரை வழுக்கிப் போகலாம். உடலின் எடை பெற்ற வேகத்தை நீரின் பிசுக்கு உடனே விழுங்கிவிடுவதில்லை. உந்துவிசைக்கும் பிசுக்குக்கும் உள்ள இந்த விகிதத்தை ரெனால்ட்ஸ் எண் என்பார்கள். நீந்தும் மனிதனுக்கு அது இலட்சக்கணக்கில் வரும். கிளாமிடோமோனாஸுக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற அளவில்தான். அதற்கு நீர் என்பது, ஸ்ரீவில்லிபுத்தூர் கடைகளில் பால்கோவா இறுகும் தறுவாயில் வாணலியில் இருக்கும் பதம்போல. கசையிழையை நிறுத்திய கணமே உடலும் நின்றுவிடும். தன் நீளத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட வழுக்கிச் செல்லாது. முன்பு பெற்ற வேகம் என்ற ஒன்று அதற்குக் கிடையாது. இந்தக் கணத்து உழைப்புக்கு இந்தக் கணத்து நகர்வு, அவ்வளவே.

அப்படிப்பட்ட உலகில் ஒரே அசைவை முன்னும் பின்னுமாகச் செய்து பயனில்லை. சிப்பி தன் ஓட்டை மெல்லத் திறந்து சட்டென்று மூடி நம் கடலில் முன்னேறிவிடும். பிசுக்கு உலகில் வேகத்துக்கு மதிப்பில்லை. திறக்கும்போது போன தூரத்தை மூடும்போது திரும்பி வந்துவிடும். கிளாமிடோமோனாஸ் இதைக் கடந்திருக்கும் முறை எளியது. இரண்டு கசையிழைகளையும் விறைப்பாக நீட்டி, கைவீச்சு நீச்சல் போலப் பக்கவாட்டில் வலிக்கிறது. திரும்பக் கொண்டுவரும்போது அவற்றை வளைத்து, உடலை ஒட்டி நழுவவிடுகிறது. போன வழி வேறு, வந்த வழி வேறு. அந்த வேறுபாடே அதன் முன்னேற்றம். நொடிக்கு ஐம்பது முறை இவ்வாறு வலித்து, நொடிக்கு ஏறத்தாழ 100 மைக்ரோமீட்டர், அதாவது தன் உடலைப்போல் பத்து மடங்கு தூரம், செல்கிறது.

நீந்துகிறவை திரண்டால் இன்னொன்று நிகழ்கிறது. இவற்றின் உடல் நீரைவிடச் சற்றே கனமானது. மேல்நோக்கி நீந்தி மேற்பரப்பில் கூடும்போது அங்கே நீர் கனத்துப்போகிறது. கனத்த நீர் இழைஇழையாகக் கீழே இறங்குகிறது. அந்த இறங்கும் ஓட்டம் பக்கத்தில் நீந்துகிறவற்றையும் தன் பக்கம் திருப்பி உள்ளே இழுத்துக்கொள்வதை 1985இல் ஜான் கெஸ்லர் விளக்கினார். பச்சை நீர் நிறைந்த கண்ணாடிப் பாத்திரத்தை அசைக்காமல் வைத்துப் பார்த்தால், உள்ளே மெல்லிய பச்சை மழை பெய்வதுபோல் இருக்கும். நகர்வது தண்ணீர்தான் என்று நான் வகுப்பில் சொன்னேன் அல்லவா? இங்கே தண்ணீர் நகர்வது மெய்தான். அதை நகர்த்துவது பாசி.

*

மாணவியின் சன்னலுக்கு வருவோம். அந்தச் செம்மஞ்சள் புள்ளி ஒளியைப் பார்ப்பதில்லை. அது ஒரு திரை, ஒரு பக்கத்து ஒளியை மறைத்துத் திருப்பியனுப்பும் நிறமித் தட்டு. ஒளியை உணரும் புரதம் அதற்குமேல் செல்லின் சவ்வில் இருக்கிறது. நீந்தும்போது செல் தன் அச்சில் நொடிக்கு இரண்டு முறை போலச் சுழல்கிறது. ஒளி பக்கவாட்டிலிருந்து வந்தால், ஒவ்வொரு சுழற்சியிலும் அப்புரதத்துக்கு வெளிச்சமும் நிழலும் மாறிமாறித் தெரியும். அந்த மினுக்கலுக்கு ஏற்ப இரு கசையிழைகளின் வலிப்பும் சற்று வேறுபட, செல் திரும்புகிறது. ஒளியின் திசைக்கு நேராக வந்ததும் மினுக்கல் நின்றுவிடும், நேரே போகும். ஒளி மிகக் கடுமையானால் இதே கருவியால் விலகியும் போகும். மூளையும் இல்லை, நரம்பும் இல்லை. ஒரு திரையும் ஒரு சுழற்சியும் போதுமானவையாக இருக்கின்றன.

அந்தப் புரதத்தை 2002இலும் 2003இலும் ஜெர்மனியின் ஹெகமன், நாகல், பாம்பெர்க் ஆகியோர் இனங்கண்டார்கள். ஒளி பட்டதும் தானே திறந்து மின்னேற்றமுள்ள அணுக்களை உள்ளேவிடும் கதவு அது. 2005இல் அமெரிக்காவில் டைசெரோத், பாய்டன் முதலானோர் அந்தப் பாசியின் மரபணுவை நரம்புச் செல்லுக்குள் வைத்து, ஒளியால் நரம்பை இயக்கிக் காட்டினர். 2021இல் வெளியான ஓர் ஆய்வறிக்கை என்னை நெடுநேரம் அமைதியிழக்கச் செய்தது. மாலைக்கண்ணில் தொடங்கி மெல்லப் பார்வையைப் பறிக்கும் பரம்பரை விழித்திரை நோயால் பல்லாண்டுகள் பார்வையிழந்திருந்த 58 வயது மனிதருக்கு, கிளாமிடோமோனாஸ் இனமொன்றிலிருந்து பெற்று மாற்றியமைத்த ஒளிப்புரத மரபணுவை விழித்திரையில் செலுத்தினார்கள். தனிவகைக் கண்ணாடி அணிந்து, பல மாதப் பயிற்சிக்குப் பின், மேசைமேல் இருந்த பொருள்களை அவரால் கண்டு, எண்ணி, தொட முடிந்தது. முகங்களைப் படிக்கும் பார்வை அதுவன்று. எனினும் இருளுக்குள் ஒரு பொருள் இருக்கிறது என்பதை ஒரு குட்டைப் பாசியின் ஒளியுணர்வால் ஒரு மனிதர் அறிந்தார்.

ஆய்வகங்களில் இன்று மிகுதியாக வளர்க்கப்படும் கிளாமிடோமோனாஸும் 1945இல் மாசசூசெட்ஸ் மாநிலத்து உருளைக்கிழங்கு வயலொன்றின் மண்ணிலிருந்து எடுக்கப்பட்டதே. யாரோ ஒருவர் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்ததில் தொடங்கியது அது. நம் மூச்சுக்குழலில் தூசியைத் தள்ளும் இழைகளும் விந்தணுவின் வாலும் கிளாமிடோமோனாஸின் கசையிழையைப் போன்ற உள்ளமைப்பைக் கொண்டவை. ஆகவே இப்பாசியின் இழையை ஆராய்ந்தவர்கள், 2000ஆம் ஆண்டில், ஒருவகைச் சிறுநீரக நோயின் காரணத்தையும் கண்டடைந்தார்கள். அவர்கள் சிறுநீரகத்தைத் தேடிக் கிளம்பியவர்கள் அல்லர்.

*

இவ்வளவையும் படித்தபின் நகரிக்கு ஒருமுறை போய்வந்தேன். ஐயங்கார் எந்தக் குட்டையில் நீரெடுத்தார் என்று தேடும் எண்ணமில்லை. தொண்ணூறாண்டுக்கு முந்தைய மழைக்குட்டையைத் தேடுவது பொருளற்றது. தேநீர்க்கடையில் இருந்தவரிடம், உங்கள் ஊர்ப் பெயரில் ஓர் உயிர் உலகத்து ஆய்வுக்கூடங்களில் வாழ்கிறது என்று சொன்னேன். அவர் தமிழில், "அப்படியா, என்ன மாதிரி உயிர்?" என்று கேட்டார். "பாசி" என்றதும் முகம் மாறியது. அம்முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் வகுப்பில் அது என் முகமாக இருந்தது.

அந்த மாணவி இப்போது எங்கோ ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருப்பதாகக் கேள்வி. நேரில் காண வாய்க்கவில்லை. 399ஆம் பாடலை நடத்தும் நாளில் இப்போதெல்லாம் ஒரு பாட்டில் கண்மாய் நீரை வகுப்புக்குக் கொண்டுபோகிறேன். பாதியைக் கறுப்புத் தாளால் சுற்றிச் சன்னலருகே வைத்துவிட்டுப் பாடத்தைத் தொடங்குவேன். பாடல் முடியும்போது தாளைப் பிரித்தால், பச்சை வெளிச்சத்துப் பக்கம் கூடியிருக்கும். பசலை பற்றியும் பரணர் பற்றியும் பேசிய பிறகு, கார்ட்டரையும் ஐயங்காரையும் பற்றிப் பத்து நிமிடம் பேசுவேன். பிறகு, முன்பு இதே வகுப்பில் ஒருத்தி கேட்ட கேள்வியையும் நான் சொன்ன விடையையும் சொல்வேன்.

சென்ற ஆண்டு ஒரு மாணவன் பாட்டிலை வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஐயா, நகரியில் இருந்ததுக்குப் பெயர் இருக்கு. நம்ம கண்மாயில் இருக்கிறதுக்கு என்ன பெயர்?" என்றான்.

"இன்னும் யாரும் பார்த்துச் சொல்லவில்லை" என்றேன். இம்முறை யாரும் சிரிக்கவில்லை.